நாலு தரம் தோற்ற பயிற்றுநருக்கு எதற்கு இவ்வளவு மரியாதை? (மார்வ் லீவி பற்றிய இழை)

வாசகர் கேள்வி, 2025 ஆகஸ்ட் 3

"இன்றைக்கு மார்வ் லீவிக்கு நூறு வயதாம். பஃபலோ பில்ஸ் என்ற அமெரிக்க ஃபுட்போல் அணியின் ரசிகர்கள் வாழ்த்துப் போட்டுத் தள்ளுகிறார்கள். நான் கனடா வந்து கொஞ்சக் காலம்தான், இந்த ஆட்டத்தை இப்போதுதான் பழகிக்கொண்டு வருகிறேன். தேடிப் பார்த்தால் மனிதர் தொடர்ந்து நாலு சூப்பர் போல் (பருவத்தின் இறுதியாட்டம்) தோற்றிருக்கிறார். ஒன்றுகூட வெல்லவில்லை. தோற்றவருக்கா இந்தக் கொண்டாட்டம்? விளங்கவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்."

ஆகஸ்ட் 3, இரவு

முதலில் கணக்கைச் சரியாக்குவோம். நாலு இல்லை, ஐந்து.

1973 ஜனவரியில் வொஷிங்டன் அணி மியாமியிடம் 14–7 என்று தோற்றது. மியாமி ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் முடித்த பருவம் அது. அந்த வொஷிங்டன் அணியில் ஸ்பெஷல் டீம் பயிற்றுநர் லீவிதான். தலைமைப் பயிற்றுநர் ஜோர்ஜ் அலன். ஆகவே கொண்டாடுவதென்றால் ஐந்தையும் சேர்த்துக் கொண்டாடுங்கள்.

ஸ்பெஷல் டீம் என்றால், பந்தை உதைக்கும் வேளைகளில் மட்டும் களமிறங்குகிற கூட்டம். 1969இல் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் லீவியை இந்த வேலைக்கு எடுத்தபோது, இதற்கென்று தனி ஆள் வைத்திருந்த அணிகளை விரல்விட்டு எண்ணலாம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அன்றைக்கு வொஷிங்டன் எடுத்த ஒரே டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக் கோட்டுக்கு அப்பால் கொண்டு போவது) இவருடைய இலாகாவில்தான் வந்தது. மியாமியின் கிக்கர் காரோ யெப்ரெமியன் உதைத்த பந்தைத் தடுத்துவிட்டார்கள். அது திரும்ப அவர் கைக்கே வந்தது. பேசாமல் பந்தின் மேல் விழுந்து படுத்திருந்தால் போதும். மனிதர் அதை எறியப் பார்த்தார். பந்து கையிலிருந்து வழுக்கித் தலைக்கு மேலே எழும்பியது. மைக் பாஸ் அதைப் பிடித்து 49 யார்டு ஓடிப் போய்விட்டார்.

லீவியின் வாழ்க்கை முழுக்க உதைத்த பந்துதான் குறுக்கே வரும். நாளைக்கு எழுதுகிறேன், நித்திரை வருகிறது.

ஆகஸ்ட் 4, காலை

கேள்வி கேட்ட தம்பிக்கு நேரான பதில் இது. தொடர்ந்து நாலு வருடம் சூப்பர் போலுக்குப் போன அணி என்.எஃப்.எல். என்ற அமெரிக்கத் தொழில்முறைச் சங்கத்தின் சரித்திரத்தில் ஒன்றே ஒன்று. 1990 முதல் 1993 வரையான பருவங்களின் பஃபலோ பில்ஸ். முன்னும் இல்லை, பின்னும் இல்லை. நியூ இங்கிலாந்தின் பயிற்றுநர் பெலிச்சிக், வீரர் பிரேடி கூட்டணி மூன்றோடு நின்றது. இப்போதைய கன்சாஸ் சிட்டியும் மூன்று தொடர்ந்து போய், மூன்றாவதில் 2025 பெப்ரவரியில் ஃபிலடெல்ஃபியாவிடம் 40–22 என்று வாங்கிக் கட்டிக்கொண்டது.

தோற்ற அணிக்கு அடுத்த வருடம் என்ன நடக்கும் என்று நீங்கள் எந்த விளையாட்டிலும் பார்த்திருப்பீர்கள். ஒருவரை ஒருவர் குற்றம் சொல்லுவார்கள், பாதிப் பேர் கழன்றுவிடுவார்கள், பயிற்றுநரின் தலை உருளும். இந்த அணி தோற்றுவிட்டுத் திரும்ப வந்தது. திரும்பத் தோற்றது. திரும்ப வந்தது. என் கண்ணுக்கு விடுகதை அந்தத் திரும்பி வருதல்தான். தோல்வியில் விடுகதை ஒன்றும் இல்லை, எதிரே நின்றவர்கள் கெட்டிக்காரர்கள்.

ஆகஸ்ட் 4, மதியம்

"இரண்டாவதாக வருபவன் தோற்றவர்களில் முதல்வன்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வடிவான வசனம், தேநீர்க் கோப்பையில் அச்சடிக்கலாம். அப்படியென்றால் மற்ற இருபத்தைந்து சொச்சம் அணிகள் என்ன, பார்வையாளர்களா?

ஆகஸ்ட் 4, இரவு

உதைத்த பந்துக் கதை. இது நீளும்.

லீவி பஃபலோவுக்கு வருவதற்கு நெடுநாள் முன்னரே எங்கள் பக்கத்து ஆள். 1973 முதல் 1977 வரை மொன்றியல் அலுவெட்ஸின் தலைமைப் பயிற்றுநர். 1974இல் எட்மன்ரனை 20–7 என்று வென்று கனடிய ஃபுட்போலின் சம்பியன் கிண்ணமான கிரே கிண்ணம் எடுத்தார். மறு வருடம் கல்கரியில் இறுதியாட்டம், எதிரே அதே எட்மன்ரன். தேசிய கீதத்தின்போது ஒரு பெண் உடுப்பில்லாமல் மைதானத்தில் ஓடினார், நவம்பர் குளிரில். பார்த்தவர்கள் இன்றைக்கும் ஆட்டத்தை விட்டுவிட்டு அதைத்தான் கதைப்பார்கள், ஏனென்றால் ஆட்டத்தில் இரண்டு பக்கமும் ஒரு டச்டவுன்கூட இல்லை.

கடைசி நிமிடத்தில் எட்மன்ரன் 9, மொன்றியல் 7. மொன்றியலுக்கு 19 யார்டில் ஃபீல்ட் கோல் (கம்பங்களுக்கு நடுவே உதைத்து மூன்று புள்ளி எடுப்பது). பள்ளிக்கூடப் பெடியன்கள் உதைக்கிற தூரம். பின்னாலிருந்து பந்து வந்தது, அதைப் பிடித்து நிலத்தில் நிறுத்த வேண்டியவரின் கையில் தடுமாறியது. கிக்கர் டொன் ஸ்வீட் ஓடி வந்துவிட்டார், நிற்க முடியாது, உதைத்தார், பந்து பக்கவாட்டில் போயிற்று. கனடிய விதிப்படி அப்படித் தவறி எல்லை தாண்டினாலும் ஒரு புள்ளி உண்டு. 9–8. ஒரு புள்ளியில் கிண்ணம் போயிற்று.

தவறிய ஒரு உதை, ஒரு புள்ளித் தோல்வி, இறுதியாட்டம். 1975. பஃபலோவுக்கு அதே மாதிரி நடந்தது 1991. பில்ஸ் ரசிகர்களுக்கே இந்தப் பழைய கதை தெரியாது, நான் கேட்டுப் பார்த்திருக்கிறேன்.

லீவி ஸ்வீட்டைத் துரத்தவில்லை. 1977இல் திரும்பவும் இறுதியாட்டம், திரும்பவும் எட்மன்ரன், இந்தத் தரம் மொன்றியல் ஒலிம்பிக் மைதானத்தில். பொதுப் போக்குவரத்து வேலைநிறுத்தம் வேறு. அப்படியிருந்தும் 68,318 பேர் வந்து சேர்ந்தார்கள். களத்தில் பனி கொட்டியிருந்தது. உப்புப் போட்டு உருக்கினார்கள், அது திரும்ப உறைந்து கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. யாராலும் கால் ஊன்ற முடியவில்லை. மொன்றியல் வீரர் டோனி ப்ரூட்ஃபுட் ஒரு வேலை செய்தார். ஸ்டேப்பிள் துப்பாக்கி ஒன்றை எடுத்துச் சப்பாத்தின் அடியில் கம்பி ஊசிகளை அடித்துக்கொண்டார். மற்றவர்களும் அப்படியே. எட்மன்ரன் ஆட்கள் சறுக்கிச் சறுக்கி விழ, இவர்கள் ஓடினார்கள். 41–6. டொன் ஸ்வீட் மட்டும் ஆறு ஃபீல்ட் கோல்.

கல்கரியில் தவறியவர் அதே ஸ்வீட்தான்.

ஆகஸ்ட் 5, காலை

எட்மன்ரன்காரர் ஒருவர் தனிச் செய்தி அனுப்பியிருக்கிறார். "லீவி போன பிறகு 1978 முதல் ஐந்து வருடம் தொடர்ந்து நாங்கள்தான் வென்றோம், அதையும் எழுதுங்கள்." எழுதிவிட்டேன் ஐயா. ஊசியில்லாத சப்பாத்தோடு வென்றீர்கள், ஒப்புக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 5, இரவு

சரி, பில்ஸின் கிக்கர் நோர்வூட்.

1991 ஜனவரி 27, டாம்பா, நாலில் முதல் சூப்பர் போல். வளைகுடா யுத்தம் நடந்துகொண்டிருந்த நேரம். பில்ஸ் அதற்கு முந்தின கிழமை ரெய்டர்ஸை 51–3 என்று நொறுக்கிவிட்டு வந்திருந்தார்கள். நியூயோர்க் ஜயன்ட்ஸ் 20–19 என்று முன்னே. இரண்டு நிமிடம் சொச்சம் மிச்சம் இருக்கும்போது பில்ஸுக்குத் தங்கள் பக்கம் 10 யார்டுக் கோட்டில் பந்து கிடைத்தது. அங்கிருந்து குவாட்டர்பாக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) ஜிம் கெல்லியும் பந்தோடு ஓடுகிற தர்மன் தோமஸும் ஓடியும் எறிந்தும் ஜயன்ட்ஸின் 29 வரை கொண்டு வந்துவிட்டார்கள். எட்டு வினாடி மிச்சம்.

புதிதாகப் பார்ப்பவர்களுக்கு: 29இல் நின்றால் உதை 29 யார்டு இல்லை. கோல் கம்பம் எல்லைக் கோட்டுக்குப் பத்து யார்டு பின்னால் நிற்கிறது. பந்தை நிறுத்திப் பிடிப்பவர் எட்டு யார்டு வரை பின்னால் குந்தியிருப்பார். எல்லாம் கூட்டினால் 47. ஸ்கொட் நோர்வூட் பஃபலோவில் உதைத்துப் பழகியது செயற்கைப் புல்லில். டாம்பாவில் இயற்கைப் புல். பந்தை நிறுத்திப் பிடித்தவர் மாற்று குவாட்டர்பாக் ஃபிராங் ரைக். பெயரை ஞாபகம் வைத்திருங்கள், பிறகு வருவார்.

உயரம் போதும், தூரம் போதும், வலப்பக்கம் தள்ளிப் போய்விட்டது.

மறுநாள் பஃபலோ நயாகரா சதுக்கத்தில் வரவேற்பு. தோற்ற அணிக்கு வரவேற்பு, அதுவே ஒரு விஷயம். பெருங்கூட்டம். கூட்டம் கூப்பிட்டது கெல்லியை இல்லை, "ஸ்கொட் வேண்டும், ஸ்கொட் வேண்டும்" என்று நோர்வூட்டைக் கூப்பிட்டது. அவர் முன்னுக்கு வந்து தழுதழுத்துப் பேசினார். கேள்வி கேட்ட தம்பி, அந்தக் காணொளி கிடைக்கும், பாருங்கள். நான் இங்கே எழுதுகிறதைவிட அது நன்றாகப் பதில் சொல்லும்.

அடுத்த பருவமும் கிக்கர் அவர்தான். 1992 ஜனவரி, டென்வருக்கு எதிராக ஏ.எஃப்.சி. இறுதியாட்டம், அதில் வென்றால்தான் சூப்பர் போல். பில்ஸ் வென்றது 10–7. அந்த மூன்று புள்ளி நோர்வூட்டின் 44 யார்டு உதை. அவரை ஜனவரியிலேயே வீட்டுக்கு அனுப்பியிருந்தால் இரண்டாவது சூப்பர் போல் ஐயம்தான்.

அந்தப் பருவம் முடிந்ததும் அவர் இடத்துக்கு ஸ்டீவ் கிறிஸ்டி வந்தார். ஒன்ராறியோப் பெடியன். அது வேறு கதை.

ஆகஸ்ட் 6, அதிகாலை

நித்திரை வரவில்லை, மேலே எழுதியதைத் திரும்ப வாசித்தேன். கிக்கரைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தால் பயிற்றுநர் தப்பிவிடுகிறார். அதையும் பார்க்க வேண்டும்.

டாம்பாவில் பந்து யார் கையில் எவ்வளவு நேரம் இருந்தது? ஜயன்ட்ஸ் 40 நிமிடம் 33 வினாடி. பில்ஸ் 19 நிமிடம் 27 வினாடி. மூன்றாம் கால் பகுதியில் ஜயன்ட்ஸ் ஒரே தடவையில் ஒன்பதரை நிமிடம் பந்தை வைத்திருந்து 75 யார்டு நகர்ந்து டச்டவுன் போட்டார்கள். அவர்களுடைய தலைமைப் பயிற்றுநர் பில் பார்செல்ஸ். தடுப்பாட்டத்தைத் திட்டமிட்டவர் அப்போது பெரிதாகப் பெயர் வெளிவராத பில் பெலிச்சிக். தர்மன் தோமஸ் ஓடினால் ஓடட்டும், கெல்லி எறிவதை மட்டும் விடாதே என்பது அவருடைய கணக்கு. தோமஸ் 135 யார்டு ஓடினார். தோற்றார்.

பில்ஸின் ஆட்டம் எப்படி என்றால், ஒவ்வொரு பந்து நகர்வுக்கும் இடையில் கூடிக் கதைப்பதே இல்லை. கெல்லி கோட்டில் நின்றபடியே அடுத்ததைச் சொல்லுவார், எதிராளி மூச்சு வாங்குவதற்குள் பந்து பறக்கும். கே-கன் என்று பெயர். (கே என்பது கெல்லி இல்லை, கீத் மக்கெல்லர் என்ற வீரர்.) இது ஓடினால் அற்புதம். ஓடாவிட்டால் ஒரு நிமிடத்தில் பந்து போய்விடும், தங்கள் தடுப்பாட்டக்காரர் தண்ணீர் குடிக்கு முன் திரும்பக் களத்துக்கு வர வேண்டும். டாம்பாவில் நடந்தது அதுதான்.

இதிலே என்னை உறுத்துகிற விஷயம் ஒன்று உண்டு. 1978இல் லீவி கன்சாஸ் சிட்டிக்குப் போனபோது அந்த அணி முந்தின வருடம் வென்றது 2, தோற்றது 12. தடுப்பாட்டம் படுமோசம். என்ன செய்தார்? எல்லோரும் கைவிட்ட விங்-டி என்ற பழைய ஓட்ட முறையைத் தூசு தட்டி எடுத்தார். பந்தை மெதுமெதுவாக நகர்த்தி, மணிக்கூட்டைத் தின்று, தன்னுடைய தடுப்பாட்டக்காரரை வெளியே உட்கார வைத்துக் காப்பாற்றினார். பந்தைக் கையில் வைத்திருப்பவனை யாரும் அடிக்க முடியாது என்று தெரிந்த மனிதர் அவர். அதே வைத்தியத்தைத்தான் ஜயன்ட்ஸ் அவருக்குச் செய்தார்கள்.

அவருக்கு அது விளங்காமல் இருந்திருக்காது. இடைவேளையில் கெல்லியிடம் "கொஞ்சம் மெதுவாக" என்று சொல்லியிருக்கலாமா? அல்லது கெல்லியின் கையில் ஆட்டத்தைக் கொடுத்த பிறகு இறுதியாட்டத்தில் பிடுங்குவது சரியில்லை என்று இருந்தாரா? நான் இரண்டாவது பக்கம் சாய்கிறேன். ஆட்களை நம்பி விடுவது அவருடைய குணம். நோர்வூட் விஷயத்தில் அது நமக்குப் பிடிக்கிறது, டாம்பாவில் பிடிக்கவில்லை. இரண்டும் ஒரே குணம்தான்.

ஆகஸ்ட் 6, மாலை

"நீங்கள் பயிற்றுநராக இருந்து பார்த்திருக்கிறீர்களா" என்று நக்கலாக ஒரு கேள்வி. இருந்திருக்கிறேன், சிறுவர் உதைபந்தாட்டம், ஸ்காபரோவில் ஒரு கோடை விழா. பெனால்டியில் ஒரு பெடியன் வெளியே அடித்தான், தோற்றோம். அன்றைக்கு என்னைச் சுற்றி நின்ற தகப்பன்மார் கொடுத்த ஆலோசனைகளைக் கேட்டால் லீவி முதல் வருடமே வேலையை விட்டிருப்பார். அடுத்த விழாவில் திரும்பவும் பெனால்டி. "போறியா" என்று அவனைக் கேட்டேன். "மாட்டேன், தங்கச்சியை விடுங்கோ" என்றான். தங்கச்சி போய் அடித்து உள்ளே விட்டாள். இதிலிருந்து பயிற்றுநர் கலை பற்றி எதுவும் எடுக்க முடியாது, அதனால்தான் முதலிலேயே சொல்லவில்லை.

ஆகஸ்ட் 7, இரவு

அவருடைய பாதையைச் சுருக்கமாகத் தருகிறேன், துண்டு துண்டாகக் கேட்கிறார்கள்.

சிகாகோ, 1925. தகப்பன் முதல் உலக யுத்தத்தில் மரீன் படையில் இருந்தவர், பிறகு காய்கறி, பழ வியாபாரம். மகன் பள்ளி முடித்ததும் இராணுவ விமானப் படையில் சேர்ந்து வானிலை பார்க்கும் வேலை. யுத்தம் முடிந்து ஐயோவாவில் கோ கல்லூரி. பிறகு ஹார்வர்ட், சட்டம் படிக்க. வீட்டில் ஒரு வக்கீல் வரப்போகிறார் என்று எல்லோருக்கும் சந்தோஷம். எங்கள் வீடுகளில் நடப்பதேதான். இவர் சட்டத்தை விட்டு ஆங்கிலேய வரலாற்றில் முதுகலை எடுத்தார், அதோடு தகப்பனுக்குத் தொலைபேசி எடுத்து "நான் ஃபுட்போல் பயிற்றுநராகப் போகிறேன்" என்றார். அந்தப் பக்கம் அரை நிமிட மௌனம். பிறகு தகப்பன் சொன்னது, "நல்ல பயிற்றுநராக இரு." 2001இல் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டபோது லீவியே சொன்ன கதை.

அதற்குப் பிறகு நேரே வெற்றி என்று நினைக்க வேண்டாம். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் நாலு வருடம்: வென்றது 8, தோற்றது 29, சமன் 3. இந்த அழகில் அவர் அங்கே உதவிக்கு எடுத்த ஒருவர் பில் வோல்ஷ், பிற்காலத்தில் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு மூன்று சூப்பர் போல் வென்று கொடுத்தவர். கன்சாஸ் சிட்டியில் ஐந்து பருவம், 31–42, வேலை போயிற்று. 1984இல் யு.எஸ்.எஃப்.எல். என்ற போட்டிச் சங்கத்தில் சிகாகோ பிளிட்ஸ், 5–13. அந்தப் பருவத்துக்கு முன் சிகாகோ, அரிசோனா முதலாளிகள் அணியையே ஆளுக்காள் மாற்றிக்கொண்டார்கள். நல்ல வீரர்கள் அரிசோனாவுக்குப் போக, மிச்சம் லீவிக்கு வந்தது.

1986 நவம்பரில் பஃபலோ கூப்பிட்டபோது வயது 61. அணி முந்தின இரண்டு வருடமும் 2–14, 2–14. அந்த வயதில் அப்படி ஒரு வேலையை ஒப்புக்கொள்கிறவரை வீட்டில் என்ன சொல்லியிருப்பார்கள்? இரண்டே வருடத்தில் 12–4.

ஆகஸ்ட் 8

வாயைப் பற்றி ஒரு சின்னக் குறிப்பு. நடுவர்மேல் கோபம் வந்தால் மற்றப் பயிற்றுநர்கள் பேசுவதை ஒளிபரப்ப முடியாது. இவர் ஒருமுறை ஒலிவாங்கியில் அகப்பட்டபோது திட்டிய திட்டு, அளவுக்கு மிஞ்சி அதிகாரம் காட்டுகிற முட்டாளே என்ற மாதிரி. ஹார்வர்ட் முதுகலைக்கு அவ்வளவுதான் வரும்.

"இது வென்றே ஆக வேண்டிய ஆட்டமா" என்று நிருபர்கள் கேட்டால், வென்றே ஆக வேண்டியது இரண்டாம் உலக யுத்தம்தான் என்பார். அதில் சீருடை போட்டவர் சொன்னால் மறுத்துக் கதைக்க முடியாது.

ஆகஸ்ட் 9, இரவு

ஃபிராங் ரைக் பிறகு வருவார் என்றேன்.

1993 ஜனவரி 3, ஞாயிற்றுக்கிழமை. நான் கனடா வந்த புதிது, தொழிற்சாலையில் ஞாயிறு வேலை. எங்கள் பகுதியில் இயந்திரம் திருத்துகிற நியூஃபவுண்லாந்துக்காரர் ஒருவர் வானொலிப் பெட்டியைக் கருவிப் பெட்டிமேல் வைத்து பில்ஸ் ஆட்டம் கேட்டுக்கொண்டிருந்தார். பஃபலோவில் சீட்டு முழுக்க விற்காததால் உள்ளூர்த் தொலைக்காட்சியில் ஆட்டம் இல்லை. அந்த நாள் விதி அப்படி. ஆகவே சரித்திரத்திலேயே பெரிய ஆட்டங்களில் ஒன்றை அந்த ஊர்க்காரரே வானொலி வர்ணனையாளர் வான் மில்லரின் குரலில்தான் கேட்டார்கள்.

எனக்கு அப்போது இந்த ஆட்டத்தில் ஒரு மண்ணும் தெரியாது. அவருடைய முகம்தான் எனக்குப் புள்ளிப் பலகை. இடைவேளையில் ஹூஸ்டன் 28, பஃபலோ 3. கெல்லி காயம், ஆடவில்லை. அவருக்குப் பதில் ரைக். இடைவேளை முடிந்ததும் ரைக் எறிந்த பந்தை ஹூஸ்டன்காரர் பிடித்து ஓடி 35–3. மனிதர் வானொலியை அணைத்துவிட்டு, ஸ்பானரை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார். மைதானத்திலும் அதேதான். ஆயிரக்கணக்கில் எழும்பிப் போனார்கள்.

பொதி கட்டுகிற பெண் ஒருத்தி பாட்டுக் கேட்கலாம் என்று வானொலியைத் திரும்பப் போட்டாள். நிலையம் மாற்று முன் ஒரு பெரிய கூச்சல் கேட்டது. அவள் கையை எடுத்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் இன்னொரு கூச்சல். கிறிஸ்டி சின்னதாக உதைத்த பந்தைத் தானே ஓடிப் போய் எடுத்தார். டொன் பீபி டச்டவுன். ஆண்ட்ரே ரீட். திரும்ப ரீட். மூன்றாம் கால் பகுதியில் மட்டும் 28 புள்ளி. நியூஃபவுண்லாந்துக்காரர் இயந்திரத்தை அப்படியே பிரித்துப் போட்டுவிட்டு ஓடி வந்தார். மேற்பார்வையாளர் வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார், புள்ளியைக் கேட்டார், ஒரு பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

வெளியே போன ரசிகர்கள் வேலி ஏறிக் குதித்துத் திரும்ப உள்ளே வந்தார்களாம். கூடுதல் நேரத்தில் ஹூஸ்டனின் வாரன் மூன் எறிந்த பந்தை நேட் ஒடோம்ஸ் பறித்தார். கிறிஸ்டி 32 யார்டில் உதைத்தார். அதை நிறுத்திப் பிடித்ததும் ரைக். 41–38. 32 புள்ளி பின்னால் நின்று வென்றது. வழமைப் பருவத்தில் இதைத் தாண்டிவிட்டார்கள், மினசோட்டா 2022இல் 33 பின்னால் நின்று வென்றது. பருவம் முடிந்து வரும் பிளேஓஃப் ஆட்டங்களில் இன்னும் இதுதான் சாதனை.

டாம்பாவில் பந்தைப் பிடித்துக் கொடுத்துவிட்டு நோர்வூட்டின் பக்கத்தில் தலை குனிந்து எழும்பிய ரைக் இவர்தான். கல்லூரியிலும் மேரிலண்டுக்காக மியாமிக்கு எதிரே 31–0 என்று பின்னால் நின்று வென்றவர். தகுந்த ஆளைத்தான் மாற்றாக வைத்திருந்தார்கள்.

ஆகஸ்ட் 10

மற்ற மூன்று சூப்பர் போலையும் ஏன் விட்டீர்கள் என்கிறார்கள். விடவில்லை, வேகமாகக் கடந்து போகப் பார்க்கிறேன். வொஷிங்டனிடம் 37–24, தோமஸின் தலைக்கவசம் காணாமல் போய் முதல் இரண்டு பந்து நகர்வுக்கு அவர் இறங்கவே இல்லை. டலஸிடம் 52–17, ஒன்பது தரம் பந்தைப் பறிகொடுத்தார்கள். கடைசியும் டலஸிடம், 30–13. அதில்தான் எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல். இடைவேளையில் 13–6 என்று பில்ஸ் முன்னே. கிறிஸ்டி 54 யார்டில் ஒன்று உதைத்திருந்தார், முப்பது வருடம் நின்ற சூப்பர் போல் சாதனை. இடைவேளை முடிந்ததும் தோமஸ் பந்தைத் தவறவிட, ஜேம்ஸ் வொஷிங்டன் அதை எடுத்து ஓடி டச்டவுன். அதற்குப் பிறகு பில்ஸுக்கு ஒரு புள்ளியும் இல்லை.

52–17 ஆட்டத்தில் ஒன்று மட்டும் பாருங்கள். ஆட்டம் எப்போதோ முடிந்துவிட்டது. டலஸின் லியோன் லெட் தவறிய பந்தை எடுத்துக்கொண்டு ஓடுகிறார், கோட்டுக்குக் கிட்ட வந்து கையை நீட்டிப் படம் காட்டுகிறார். பின்னால் களத்தின் மறு பாதியிலிருந்து துரத்தி வந்த டொன் பீபி பந்தைத் தட்டிவிட்டார். டலஸின் அந்தப் புள்ளி போயிற்று. 35 பின்னால் நிற்கும் ஆட்டத்தில் ஏன் ஓடினார்? கேள்வி கேட்ட தம்பி இதற்குப் பதில் எழுதட்டும், நான் கை வலிக்க எழுதிவிட்டேன்.

ஆகஸ்ட் 11

தம்பி பதில் எழுதியிருக்கிறார்: "சரி அண்ணை, பீபி காணொளி பார்த்தேன். ஆனால் நாலு தோல்வி நாலு தோல்விதான்." ஓம், அதுதான். நான் இல்லை என்று சொல்லவில்லையே.

பட் கிராண்டையும் தேடிப் பாருங்கள். வினிபெக்கில் நாலு கிரே கிண்ணம் வென்று, மினசோட்டாவுக்குப் போய் நாலு சூப்பர் போல் தோற்றவர். தொடர்ந்து இல்லை, அவ்வளவுதான். அவரும் புகழ் மண்டபத்தில். கனடாவில் வென்றுவிட்டு அமெரிக்காவில் தோற்பது ஒரு தனிப் படிப்பு போலிருக்கிறது.

ஆகஸ்ட் 13

விட்டுப்போனவை. 1995இல் அவருக்குப் புரொஸ்டேட் புற்றுநோய், சத்திரசிகிச்சை. எழுபது வயது. மூன்று ஆட்டத்துக்கு எலைஜா பிட்ஸ் பொறுப்பெடுத்தார், பிறகு இவர் திரும்ப வந்துவிட்டார். 1997 பருவத்தோடு ஓய்வு. பஃபலோவில் வழமைப் பருவக் கணக்கு 112–70. 2006, 2007இல் பொது முகாமையாளராக வந்தார், இரண்டு வருடமும் 7–9. அதைப் பற்றிக் கதைக்க ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 16

இழை வேறு பக்கம் போய்விட்டது, இப்போது எல்லோரும் பில்ஸ் மைதானம் இருக்கும் ஓச்சட் பார்க் போக வழி கேட்கிறார்கள். 2025 பருவம்தான் பழைய மைதானத்தில் கடைசி, எதிரே புதியது கட்டினார்கள். 35–3இலிருந்து எழும்பியது பழையதில்தான். 

கடவுச்சீட்டு முடியும் திகதியைப் பாருங்கள். எல்லையில் பீஸ் பாலத்தில் வரிசை நீளும், விடியவே வெளிக்கிடுங்கள். ஒளிபுகும் பிளாஸ்டிக் பை தவிர வேறு பெரிய பை உள்ளே விட மாட்டார்கள். டிசம்பருக்குச் சீட்டு எடுத்தவர்கள் காலுக்கு இரண்டு சோடி காலுறை. கொத்துரொட்டியை வாகனத் தரிப்பிடத்திலேயே சாப்பிட்டு முடித்துவிடுங்கள், உள்ளே கொண்டு போக விடுவார்களா என்று என்னைத் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டாம்.